அவன் பின்னிய உறவு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் பங்கு உண்டா என்பது இன்றைய கேள்வி. இல்லை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர் மார்வின் வுல்ஃப்காங்கைத் துணைக்கு அழைத்தார். பிலடெல்பியாவில் நடந்த 588 கொலைகளை ஆராய்ந்து 1958இல் அவர் எழுதியதில், ஏறக்குறைய நாலில் ஒன்றில் இறந்தவரே முதலில் கை நீட்டினார் என்று வருகிறது. உண்மைதான். ஆனால் அவர் எண்ணியது கைகலப்பில் முதல் அடி யாருடையது என்பதை. அதே கணக்கை 1971இல் பாலியல் வன்முறைக்கும் நீட்டினார் இன்னோர் ஆய்வாளரான மெனாகெம் அமீர். கடும் கண்டனம் எழுந்தது. பாலியல் வழக்கில் புகார் கொடுத்தவரின் ஒழுக்கத்தைக் கிளற இடம் தந்த விதியை நம் சிங்கப்பூர் சாட்சியச் சட்டத்திலிருந்தே 2012இல் நீக்கிவிட்டார்கள்.

சரி, மோசடிக்கு வருவோம். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் குறைந்தது 110 கோடி வெள்ளி பறிபோனது. பத்தில் எட்டுச் சம்பவங்களுக்கு மேல் பாதிக்கப்பட்டவரே பணத்தை அனுப்பியிருக்கிறார். "பார்த்தீர்களா, தானே அனுப்பினார்!" என்று மேசையைத் தட்டினார் நண்பர்.

எங்கள் புளோக்கில் ஓர் அக்கா. வீடியோ அழைப்பில் சீருடையோடு ஒருவன் வந்தான். உங்கள் பெயரில் கறுப்புப் பணம் இருக்கிறது, வெளியே சொன்னால் மகளையும் விசாரிப்போம் என்றான். நான்கு நாள். இரவிலும் போனை அணைக்கக்கூடாது. தலையணைப் பக்கத்தில் சார்ஜரோடு வைத்துக்கொண்டு படுத்தார். விடிந்ததும் "தூங்கினீங்களாம்மா?" என்று கேட்பானாம். குற்றவாளிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் உள்ள உறவு என்கிறார்களே, அது இதுதான். அவன் ஒருவனே பின்னியது, அவரைக் கட்டிப்போட.

கவனம் வேண்டும், மறுக்கவில்லை. கவனம் தப்பியது குற்றத்தில் பங்கு ஆகிவிடுமா? 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த மோசடிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எவ்வளவு எடுத்துச் சொல்லியும் மோசடிக்காரனையே நம்புகிறவரின் வங்கிப் பரிவர்த்தனைகளைக் காவல்துறை முதலில் 30 நாள் வரை கட்டுப்படுத்தலாம். பிடியில் இருப்பவரால் தானாக விடுபட முடியாது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

அக்கா ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை. "படிச்சவங்க நீங்க, எப்படி ஏமாந்தீங்க?" என்று நாம் கேட்போமே, அந்தப் பயம். அதற்குள் அவன் எத்தனை வீடுகளுக்குப் போன் போட்டானோ! எதிரணியின் கேள்வி அத்தனை நாளும் அவனுக்குத்தான் காவல் நின்றது.

கடைசியில் மகளிடம் சொன்னார். அவள் எதுவும் கேட்கவில்லையாம். தோசையைத் தட்டில் வைத்து, "சாப்பிடும்மா, அப்புறம் ரெண்டு பேரும் போலீஸ் நிலையத்துக்குப் போவோம்" என்றாளாம்.