விற்பனைக்கு அல்ல

நண்பர்களே, சோசலிச ஆட்சிகள் விழுந்த நாடுகளைப் பிறகு மாற்றியது யார் என்று கேட்டால் கட்சிகளையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் அவர்களுக்கு வெளியே, விளிம்பில் நின்றவர்களைப் பற்றி, அதிலும் ருமேனியாவின் ஒரு மலைக் கிராமத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

ஊரின் பெயர் ரோஷியா மொன்டானா. ரோமானியர்கள் தங்கத்துக்காகக் குடைந்த சுரங்கப் பாதைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. 1990களின் பிற்பகுதியில் கனடா நிறுவனம் ஒன்று வந்தது. அரசுக்கும் அதில் சிறு பங்கு. நான்கு மலைகளை வெட்டி, சயனைடு கலந்து, சுமார் 300 டன் தங்கம் பிரிப்பது திட்டம். கழிவைத் தேக்கப் பக்கத்துப் பள்ளத்தாக்கையே குளமாக்க வேண்டும்; அதில் வீடுகள், தேவாலயங்கள், கல்லறைகள் எல்லாம் போய்விடும்.

2000 ஜனவரியில் அதே நாட்டின் பாயா மாரேயில் இப்படியொரு கழிவுக் குளத்தின் கரை உடைந்து, சயனைடு நீர் டிசா ஆற்றில் கலந்து டான்யூப் வரை போனது. மீன்கள் செத்து மிதந்தன. அந்த ஆண்டே ரோஷியா மொன்டானாவில் சிலர் சங்கம் தொடங்கினார்கள். ஊரின் ரோமானியப் பெயரான 'ஆல்புர்னுஸ் மாயோர்' என்பதையே அதற்கு வைத்தார்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் இருந்த அரசுச் சுரங்கமும் 2006இல் மூடப்பட்டது, வேறு பிழைப்பு ஏது? எஞ்சியவர்கள் வாசலில் ஒரு பலகை அடித்தார்கள்: "இந்தச் சொத்து விற்பனைக்கு அல்ல." பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள். நிறுவனம் ஓர் அனுமதி வாங்கும், இவர்கள் ரத்து செய்ய வைப்பார்கள். அது மறுபடியும் வாங்கும். 2004 முதல் ஊரில் ஓர் இசை விழாவும் நடந்தது. பாட்டுக் கேட்க வந்த நகரத்துப் பிள்ளைகள் அந்தப் பலகைகளையும் படித்துவிட்டுப் போனார்கள்.

2013 ஆகஸ்ட் கடைசியில் நிறுவனத்துக்கென்றே ஒரு மசோதா வந்தது. நிலம் எடுக்கும் அதிகாரம்கூட அதன் கைக்குப் போக இருந்தது. பிரதமர் விக்டர் பொன்டா ஒரு விநோதம் செய்தார்: பிரதமராக மசோதாவை அனுப்புகிறேன், எம்.பி.யாக எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்றார். நம் ஊர் அரசியல்வாதிகளுக்குக்கூட இது தோன்றியிருக்காது!

செப்டம்பர் 1ஆம் தேதி தலைநகர் புக்கரெஸ்டின் பல்கலைக்கழகச் சதுக்கத்தில் கூட்டம் கூடியது. வாரந்தோறும் கூடியது. தொலைக்காட்சிகளில் நிறுவனத்தின் விளம்பரம்தான் ஓடியது. போராட்டத்துக்கு அவ்வளவாக இடமில்லை. காலி பிளாஸ்டிக் பாட்டிலில் கூழாங்கற்களைப் போட்டுத் தரையில் அடித்தபடி ஊர்வலம் போனார்கள். வீட்டுக்குள் இருப்பவர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தே ஆக வேண்டிய சத்தம் அது.

1990 ஜூனில் இதே சதுக்கத்தில் புதிய ஆட்சியை எதிர்த்துப் போராடியவர்களை அடிக்க, ஷியு பள்ளத்தாக்கிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 2013இல் அங்கே நின்றவர்கள் ஒரு சுரங்க ஊருக்காக நின்றார்கள். ஆனால் அந்த ஊரில் திட்டம் வேண்டும் என்று 33 தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள் இறங்கி உட்கார்ந்ததையும் நாம் மறைக்கக் கூடாது. வேலை கேட்டவனை எதிரி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம்.

அந்த நவம்பரில் செனட்டும், 2014 ஜூனில் கீழவையும் மசோதாவை நிராகரித்தன. எல்லோரும் அந்த செப்டம்பரைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அனுமதிகளைக் கோர்ட்டில் மறித்துக்கொண்டே இருந்ததால்தான் 2013இல் காப்பாற்ற அங்கே ஓர் ஊர் மிச்சமிருந்தது.

அங்கே பழகிய கால்கள் 2017இல் ஊழலுக்குச் சலுகை தந்த அவசரச் சட்டத்தை எதிர்த்து லட்சக்கணக்கில் இறங்கின. புக்கரெஸ்டின் பழைய கட்டடங்களை இடிக்க விடாமல் வழக்குப் போட்டுக்கொண்டிருந்த கணித அறிஞர் நிகுஷோர் டான் 2025இல் நாட்டின் அதிபரே ஆனார். ஆனால் அதே விளிம்பிலிருந்து, பெரிய கட்சிகள் மீதான அதே வெறுப்பைத் தின்று, தீவிர வலதுசாரிகளும் வளர்ந்தார்கள். விளிம்பில் நிற்பவரெல்லாம் நல்லவர் என்று நான் சொல்லவில்லை.

ரோஷியா மொன்டானா 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இழப்பீடு கேட்டு நிறுவனம் தொடுத்த வழக்கிலும் 2024 மார்ச்சில் ருமேனியா வென்றது. நிறுவனம் வாங்கிப்போட்ட வீடுகள் பலவும் பூட்டிக் கிடந்து பாழடைந்துவிட்டன. பலகை அடித்த வீடுகளில்தான் ஆட்கள் இருந்தார்கள்.