கோரைக்கிழங்கும் ஒரு டப்பா மாத்திரையும்
(நாகர்கோவிலில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தம்பி தங்கைகளே,

நாஞ்சில் நாட்டு வயலில் களை பறித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கோரையை மேலே எத்தனை முறை செதுக்கினாலும், மண்ணுக்குள் கிழங்கு கிடந்தால் அடுத்த மழைக்குத் தலை நீட்டிவிடும். எச்.ஐ.வி.யும் அப்படித்தான். தினசரி மாத்திரை இரத்தத்தில் பெருகும் வைரஸை அடக்குகிறது. சில செல்களுக்குள் உறங்கிக்கிடக்கும் வைரஸை அது தொடுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பி வந்துவிடும். அந்தக் கிழங்கைத் தோண்டி எச்.ஐ.வி.யை அடியோடு குணமாக்கத்தான் இத்தனை ஆராய்ச்சியும்.

ஒருவருக்குத் தோண்டியும் காட்டினார்கள். டிமோதி ரே பிரவுனுக்கு 2007இல் பெர்லினில் இரத்தப் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை, அதாவது இரத்தத்தை உருவாக்கும் செல்களை இன்னொருவரிடம் வாங்கிச் செலுத்தும் சிகிச்சை, நடந்தது. வைரஸ் நுழையும் சிசிஆர்5 என்ற வாசல், கொடையாளியின் செல்களில் இல்லை. எச்.ஐ.வி. போயே போயிற்று. ஆனால் அத்தகைய கொடையாளி வட ஐரோப்பாவிலேயே நூற்றுக்கு ஒருவர்தான். நம்மிடையே தேடினால் கிடைப்பது அரிது. உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையைப் புற்றுநோய் இல்லாதவருக்கு யாரும் செய்யவும் மாட்டார்கள்.

ஆய்வுக்கூடங்கள் அதிகம் அலசியது மேலை நாடுகளின் பி வகை வைரஸை. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பரவியிருப்பது சி வகை; உலகத் தொற்றில் ஏறத்தாழப் பாதி அதுதான். பசி ஓர் ஊரில், பந்தி வேறோர் ஊரில்!

இந்த ஆராய்ச்சிக்குப் பணப் பற்றாக்குறை எல்லாருக்கும் தெரிந்தது. அதை விடுங்கள். தூத்தூர் மீனவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் வாங்கிய டப்பாவைப் பாலித்தீன் உறையில் சுற்றித் துணிப்பையின் அடியில் வைத்திருக்கிறார். கூட இருப்பவர்கள் கேட்டால், 'சர்க்கரை மாத்திரை' என்பார். புதிய மருந்து பலித்ததா என்று பார்க்க, ஆய்வாளர்கள் நிறுத்தச் சொல்வது இந்த மாத்திரையைத்தான். பிறகு அடிக்கடி இரத்தம் எடுத்து வைரஸ் அளவைப் பார்க்க வேண்டும். நடுக்கடலில் யார் எடுப்பது? வைரஸ் தலைதூக்கிய நேரத்தில் வீடு திரும்பினால் மனைவியின் கதி என்ன? கரையிலேயே தங்கினால் மீன் பங்கு யார் தருவார்? அந்த ஆய்வில் சேரும் ஒப்புதல் படிவம் என் கைக்கு வந்தால், இழந்த பங்குக்கு அதில் ஒரு வரி உண்டா என்றுதான் முதலில் தேடுவேன்.

மேலை நாடுகளில் 1996 முதலே உயிர் காத்த கூட்டு மருந்து, நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004இல். நடுவில் எட்டு ஆண்டுகள். அதனால்தான் ஆய்வாளர்களை இப்போதே கேட்கிறேன்: நீங்கள் தேடும் அந்த மருந்து, கடலோர ஆரம்ப சுகாதார நிலையத்தின் சாதாரண பிரிட்ஜில், மின்சாரம் போய்ப் போய் வரும் மழைக்காலத்தில், கெடாமல் இருக்குமா?