ஊசி போட்டதும் பிள்ளை பேசிவிட்டானா?

[திரையில்: காரைக்குடி, கோட்டையூர், தேவகோட்டை வரைபடம்]

சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், செட்டிநாட்டுப் பக்கம் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை ஆச்சி கேட்பார்: "ஏத்தா, மெட்ராசுல ஏதோ ஊசி போடுறாகளாமே, ஒரே மாசத்துல அந்தப் பய பேசுறானாம்ல?"

பேசியிருக்கலாம். ஊசியால்தான் பேசினானா? ஆட்டிசம் இருந்தாலும் பிள்ளை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் கொடுத்ததற்குப் பெயர் வந்துவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

1998-ல் அமெரிக்காவில் சீக்ரெட்டின் என்ற ஜீரண ஹார்மோன் ஊசிக்கு இப்படித்தான் பெயர் வந்தது. மூன்று பிள்ளைகளிடம் முன்னேற்றம் என்று ஒரு கட்டுரை, அவ்வளவுதான். 1999-ல் 60 பிள்ளைகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது. நாலு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் முன்னேற்றம்! உப்புநீரைவிட மருந்து கூடுதலாக எதையும் செய்யவில்லை. இதைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த ஊசியில் ஆர்வம் இருப்பதாகவே சொன்னார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, பெத்த மனசு.

இன்றைக்கு அந்த இடத்தில் ஸ்டெம்செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய குருத்தணுவை உடம்பில் செலுத்தும் சிகிச்சை. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

[காட்சி: ஆத்தங்குடித் தரையில் சுழலும் தூக்குச்சட்டி மூடி]

அப்படியானால் எதுதான் சோதனையில் தேறியது? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் வெளியான 'பாஸ்' ஆய்வைப் பாருங்கள். 65 பிள்ளைகள், 2 முதல் 9 வயது. பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள்தான். ஆறு மாதத்தில் 12 அமர்வு. பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோரோடு சேர்ந்து போட்டுப் பார்ப்பார்கள்.

நம் வளவில் வைத்து யோசியுங்கள். பிள்ளை மூடியைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். அம்மா "இங்க பாரு, இங்க பாரு" என்று பந்தை நீட்டுகிறார், அவன் திரும்பவே இல்லை. வீடியோவில்தான் தெரிகிறது, மூடி நின்ற ஒரு நொடியில் அவன் நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்திருக்கிறான், அம்மா அப்போது உருண்டுபோன பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை பந்தை விட்டுவிட்டு, அவரும் ஒரு மூடியைச் சுழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஐயா, அப்பத்தா, சித்தப்பா எல்லாரும் சுற்றி நின்று கூப்பிடும் வீட்டில் பேசாமல் காத்திருப்பது லேசுப்பட்ட காரியமா?

வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவோடு ஒப்பிட்டால், இந்தப் பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஏற்பப் பேசினார்கள், பிள்ளைகளும் தாங்களாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. ஆனால் இருவரும் ஒரே விஷயத்தில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரம் குறைந்திருந்தது, எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், அதனாலேயே எனக்கு இந்த ஆய்வின் மேல் மரியாதை.

அப்புறம், பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறவர்கள், "நானும் உள்ளே உட்காரலாமா, போனில் எடுத்துக்கலாமா" என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஆய்வு சோதித்தது, அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைக்கும் முறையை அல்ல.