மலேரியா மருந்து காட்டிய கோடுகள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த காலம் முழுதும் என்னை விடாத ஒரு விசயத்தைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்: வை (Y) நிறமூர்த்தம். நிறமூர்த்தம் என்பது எங்கள் உடற்கலங்களுக்குள் பரம்பரைச் செய்தியைச் சுமக்கிற இழை, குரோமோசோம் என்றும் சொல்லுவார்கள். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. தாயிடம் அது இல்லை. இதைத் திரும்பவும் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மலேரியாக் காய்ச்சல் என்றால் வன்னியில் மூத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. குளத்தோரக் குடியிருப்புகளில் அது ஆட்டி வைக்காத வீடு குறைவு. 2016இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அந்தக் காய்ச்சலுக்குப் பாவித்த பழைய மருந்துகளில் ஒன்று குயினாகிரின். இரண்டாம் உலகப் போரில் படையினர் அதை விழுங்கித் தோல் மஞ்சளானார்கள். அதே குயினாகிரின் வகைச் சாயத்தைத்தான் 1960களின் கடைசியில் சுவீடனில் காஸ்பர்சன் என்பவரும் லோரே செக் என்ற அம்மையாரும் நிறமூர்த்தங்களில் ஏற்றிப் பார்த்தார்கள். சாயமிட்ட பன்னப்பாயைப் போல, ஒளிரும் கோடும் மங்கல் கோடுமாக மாறிமாறித் தெரிந்தது. மனிதனின் 46 நிறமூர்த்தங்களில் எது எதென்று அந்தக் கோடுகளை வைத்தே பிரித்தறியலாம். நிறமூர்த்தத்தின் இடுக்குக்கு இரு புறமும் நீளுகிற பாகங்களைக் கை என்போம், ஒன்று நீண்டது, மற்றது குட்டை. அவற்றுள் ஆகப் பிரகாசமாக மின்னியது வை நிறமூர்த்தத்தின் நீண்ட கையின் கீழ்ப்பகுதி. காய்ச்சல் மருந்தின் உறவுச் சாயமொன்று ஆணின் அடையாளத்தை இப்படிக் காட்டிக்கொடுத்ததை நினைக்க எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

ஆனால் அந்த மின்னுகிற பகுதியில், டிஎன்ஏயின் ஒரே எழுத்துத் தொடர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகின்றனவே தவிர, உடலுக்குக் கட்டளை எழுதிய துண்டுகளான பரம்பரையலகுகள் (ஜீன்கள்) அநேகமாக இல்லை. ஒருவருக்கு அது நீளம், இன்னொருவருக்குக் கட்டை. அதனால் ஆண்மைக்கு ஒரு குறையும் இல்லை. பெரிய காரியங்கள் மங்கலான பகுதிகளில்தான் நடக்கின்றன. குட்டைக் கையின் நுனிக்குக் கிட்ட எஸ்ஆர்வை என்ற பரம்பரையலகு இருக்கிறது, 1990இல் கண்டுபிடித்தது. கருவில் விதை, அதாவது விந்தணுவை உண்டாக்கும் உறுப்பு, உருவாகத் தொடங்குவது அதன் கட்டளையால். நீண்ட கையில், மின்னுகிற பகுதிக்கு மேலே, விந்து உற்பத்திக்கு வேண்டிய பகுதி. 1976இல் இத்தாலியில் தியேபோலோ, சுஃபார்தி என்ற இருவர், விந்தில் விந்தணுவே இல்லாத ஆறு ஆண்களிடம் அந்தப் பகுதி அறுந்துபோயிருந்ததைக் கண்டார்கள்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. பிள்ளை இல்லையென்றால் வற்றாப்பளை அம்மனுக்கும் மடு மாதாவுக்கும் நேர்த்தி வைப்பவள் மனைவி. ஏச்சுக் கேட்பவளும் அவள்தான். மூன்றாவதும் பொம்பிளைப் பிள்ளை என்றால் மாமியார் முகம் திருப்புவது அவளிடம். வை தாயிடம் இல்லை, அம்மாமாரே! தாய் கொடுப்பது எப்போதும் எக்ஸ் (X) நிறமூர்த்தம். மகனா மகளா என்பது தகப்பனின் விந்தணு வையைக் கொண்டு வந்ததா, எக்ஸைக் கொண்டு வந்ததா என்பதில் இருக்கிறது. அது அவர் நினைத்துச் செய்வதுமில்லை, அவரையும் ஏசாதேங்கோ. பிள்ளை தங்காவிட்டால் புருசனும் மனைவியும் சேர்ந்தே வைத்தியரிடம் போங்கோ. விந்துப் பரிசோதனை வலியில்லாதது, அதை முதலிலேயே செய்விக்கலாம்.

நேரம் முடிகிறதென்று கைகாட்டுகிறார்கள். வை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் விதத்தைச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கிற எட்டுப் பெரிய தொடர்கள் அதில் உண்டு, ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கத்தைப் பார்த்துத் திருத்தும். வையின் 6 கோடியே 24 இலட்சத்துச் சொச்சம் எழுத்துகளையும் முழுதாக வாசித்து முடித்தது 2023இல்தான். வணக்கம்.