சாய்ந்து கிடக்கும் கோப்பை

திரையில் தெரிவது டச்சு ஓவியர் பீட்டர் கிளாஸ் 1628இல் வரைந்த ஓவியம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே சுவரளவுக்குத் தெரிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். அசல் 24 செ.மீ. உயரம், 36 செ.மீ. அகலம்தான், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம்.

மண்டையோட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை விடுங்கள், அது சத்தம் போட்டுச் சொல்கிற ஆள். சாய்ந்து கிடக்கிற கண்ணாடிக் கோப்பையைப் பாருங்கள். குடித்து முடித்தாயிற்று. அதன் வயிற்றில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அணையப்போகும் விளக்குத் திரி, ஆள் எழுந்துபோன பிறகு கிடக்கும் இறகுப் பேனா. எல்லாம் பழுப்பும் சாம்பலும்தான், பகட்டான நிறமே இல்லை.

இந்த வகைக்கு ‘வானிடாஸ்’ என்று பெயர். பைபிளில் உள்ள பிரசங்கியின் புத்தகத்தை லத்தீனில் படித்தவர்கள் எடுத்த சொல். நம் தமிழ் வேதாகமத்தில் ‘மாயை, மாயை, எல்லாம் மாயை’ என்று வருகிறதே, அதேதான். ஆனால் உலகமே வெறும் தோற்றம் என்கிற அத்வைத மாயையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மூல எபிரேயச் சொல்லுக்கு மூச்சு, நீராவி என்று பொருள். கிளாஸின் கோப்பை பொய்யில்லை. மெய்தான், நிலைக்காது, அவ்வளவே.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இந்த வகை ஓவியம் தழைத்ததில் வியப்பில்லை. கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வினியத்தின் பல்கலைக்கழக ஊர். அங்கே உடற்கூறியல் அரங்கில் எலும்புக்கூடுகளே ‘சாவை நினை’ என்று கொடி பிடித்து நின்றன.

ஹார்மென் ஸ்டீன்வைக் 1640 வாக்கில் வரைந்த படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. செல்வம் வீண் என்று சொல்ல அவர் மேசைமேல் வைத்தவை ஜப்பானிய வாளும் பளபளக்கும் பெரிய சங்கும்! அன்றைய பணக்காரர்கள் அலைந்து சேர்த்த சரக்கு. போதாததற்கு, அதைக் கண்டிக்கிற படத்தையும் காசு கொடுத்து வாங்கினார்கள். இதைப் பாசாங்கு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சங்கின் மினுக்கத்தை இவ்வளவு பொறுமையாக வரைந்தவருக்கு அதன்மேல் ஆசை இல்லாமலா இருந்திருக்கும்?

கடைசியாக லெய்டன் ஓவியர் டேவிட் பெய்லி. 1651இல் வரைந்தபோது அவருக்கு 67 வயது. மேசையில் மண்டையோடு, பூக்கள், நாணயங்கள். மேலே சோப்புக் குமிழிகள் மிதக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞன் பெய்லிதான். அவன் பிடித்திருக்கும் சின்னப் படத்தில் இருப்பவரும் பெய்லிதான், வயதானவராக. வாழ்ந்துகொண்டிருக்கும் கிழவரைச் சட்டத்துக்குள் போட்டுவிட்டு, என்றோ போய்விட்ட வாலிபனை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். அவன் நம்மைத்தான் பார்க்கிறான். இன்னொரு கையில், ஓவியர்கள் வரையும்போது கையை ஊன்றிக்கொள்ளும் கோல். இனிமேல்தான் வேலையை ஆரம்பிக்கப்போகிறவன் மாதிரி.