இராயப்பரின் நிழல்

அன்பர்களே, கடைசி வரிசைக்கும் படம் தெரிகிறதா? சரி.

மசாச்சோ வரைந்த இந்தச் சுவரோவியம், புனித பேதுருவின் நிழல் நோயாளிகளைக் குணமாக்கும் காட்சி. இது இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், கார்மினே தேவாலயத்தில், பிரான்காச்சி சிற்றாலயத்துச் சுவரில் இருக்கிறது. 1420களில் வரைந்தது. அந்தச் சிற்றாலயத்தில் பெரும்பாலும் இயேசுவின் சீடரான புனித பேதுருவின் வாழ்க்கைதான். பழைய கத்தோலிக்க வீடுகளில் இராயப்பர் என்பார்களே, அவரேதான். மசோலினோ, மசாச்சோ என்ற இரு ஓவியர்கள் தொடங்கிய வேலை பாதியில் நின்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் ஃபிலிப்பினோ லிப்பி வந்து முடித்தார்.

மசாச்சோ என்பது பட்டப்பெயர். உடுப்பு, காசு எதைப் பற்றியும் கவலைப்படாத ஆள் என்பதால் அப்படிக் கூப்பிட்டார்களாம். 1428இல் ரோமில் இறந்தபோது 27 வயதுகூட நிரம்பவில்லை.

இப்போது படத்துக்கு வருவோம். பேதுரு தெருவில் நடந்து வருகிறார். ஓரத்தில் நோயாளிகள். அவருடைய நிழல் பட்டாலே குணமாகும் என்று மக்கள் அவர்களை எருசலேம் தெருவில் கிடத்தினார்கள் என்கிறது பைபிளின் அப்போஸ்தலர் பணி நூல். இதை எப்படி வரைவது? அதற்கு முந்தைய ஓவியர்கள் பலர் தரையில் நிழல் விழுவதைப் பற்றி அலட்டிக்கொண்டதே இல்லை. ஆனால் இங்கே நிழல்தான் கதை!

மசாச்சோ செய்ததைப் பாருங்கள். ஓவியத்துக்கு வலப்பக்கம், பலிபீடத்துக்கு மேலே, நிஜமான ஜன்னல் ஒன்று இருக்கிறது. அந்த ஜன்னல் வெளிச்சமே படத்துக்குள்ளும் நுழைவதுபோல, நிழலை இடப்பக்கம் விழவைத்தார். பக்கத்துச் சுவரில் இவர் வரைந்த, பேதுரு வரி கட்டும் வரிப்பணக் காட்சியிலும் இதே கணக்குதான்.

பேதுருவின் முகத்தைக் கவனியுங்கள். நோயாளிகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டவில்லை, ஆசீர்வதிக்கவில்லை. நேரே நடக்கிறார், அவ்வளவுதான். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது இந்த அலட்டலின்மைதான்.

பின்னாலிருக்கும் வீடுகள் எருசலேம் வீடுகள் அல்ல; அசல் ஃபிளாரன்ஸ் தெரு. பார்க்க வந்தவர்களுக்குத் தங்கள் தெருவிலேயே இராயப்பர் நடப்பதுபோல் இருந்திருக்கும்.

1771இல் தேவாலயத்தில் தீப்பிடித்தது. இந்த ஓவியங்கள் தப்பின, ஆனால் கரி படிந்து இருண்டுபோயின. 1980களில் துடைத்துச் சுத்தம் செய்த பிறகுதான் நிறங்கள் மீண்டும் வெளியே வந்தன.

அப்புறம், அந்த நோயாளிகளின் வரிசை. நிழல் கடந்துவிட்ட பின்வரிசைக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஒருவர் எழுந்துகொண்டிருக்கிறார். நமக்கு மிக அருகே, சூம்பிய கால்களோடு ஒருவர் இன்னும் தரையிலேயே இருக்கிறார். முகத்தை மட்டும் நிமிர்த்தியிருக்கிறார்.