அழுது முறையிடவும் ஒரு ஜெபம் உண்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காதல் முறிந்தோ, நிச்சயமான கல்யாணம் நின்றுபோயோ ஒரு பிள்ளை வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறது. வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் முதல் வாரத்திலேயே சில பேச்சுகள் காதில் விழும். "ஆண்டவர் இதைவிட நல்லதா வெச்சிருக்காரு." "மன்னிச்சிட்டு மறந்துடும்மா." "அழாத, சாட்சி கெட்டுப்போகும்." சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வேதம் நம்மை இப்படி அவசரப்படுத்துவதில்லை. வேதத்தில் உள்ள ஜெபப் பாடல்களான 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, துயரத்தில் தேவனிடம் அழுது சொல்லும் முறையீடுதான். கத்தோலிக்க வேதாகமத்தில் திருப்பாடல்கள் என்று வைத்திருப்பவர்கள் புரட்டினாலும் இதையே காண்பார்கள்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், உயிருக்குப் பயந்து ஓடிய தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். தேவன் அப்போது அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. எலியா தூங்குகிறான். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் பேச்சு. அங்கேயும் எலியா ஒரே புலம்பலை இரண்டு தடவை சொல்கிறான். "இதைத்தானே இப்பச் சொன்ன" என்று தேவன் அவனை அதட்டவில்லை. சொன்னதையே சொல்லி அழும் மகளிடம் சலித்துக்கொள்ளும் பெற்றோர் அந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் உபவாசம் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். மனம் உடைந்தவர் ஏற்கெனவே சரியாகச் சாப்பிடுவதில்லை. அதன்மேல் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும் சேர்ந்தால் தலைசுற்றும், வயிறு புண்ணாகும், இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போகும். தூக்கம் கெட்ட உடம்பில் அழுகை அடங்காது. பிறகு, "ஜெபிச்சும் சமாதானம் வரல, எனக்கு விசுவாசமே இல்லை" என்று இரண்டாவதாக ஒரு பாரத்தைத் தூக்கிக்கொள்வார்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். பசி இல்லாவிட்டாலும் மூன்று வேளையும் கொஞ்சமாவது, இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ, உள்ளே போகட்டும். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். இரவில் போன் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

இனி ஜெபம். சங்கீதம் 13ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் கால் மணி நேரம், இதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எழுதும்போது நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும். "என் வாழ்க்கையே போச்சு" என்று எழுதினால் மனம் அதிலேயே சுற்றும். "ஆண்டவரே, பத்திரிகை அடிச்ச பிறகு வேணாம்னு சொன்னான், காரணம்கூடச் சொல்லல" என்று எழுதும்போது எது வலிக்கிறது என்பது தெளிவாகும். வேண்டுதலைச் சின்னதாக வையுங்கள்: இன்று ராத்திரி தூக்கம், நாளைக்கு வேலைக்குப் போகிற தைரியம். நம்பிக்கை வரி வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். சங்கீதம் 88 நம்பிக்கை வார்த்தை எதுவும் இல்லாமலே முடிகிறது. அதுவும் வேதத்தில் ஜெபமாகத்தான் இருக்கிறது. கால் மணி முடிந்ததும் நோட்டை மூடி, எழுந்து வேறு வேலை பாருங்கள். இரண்டு மணி நேரம் எழுதுவது ஜெபமாக இராது, காயத்தைக் கிளறுவதாகிவிடும்.

எழுதியதை வாய்விட்டு வாசிப்பது நல்லது. ஆனால் நம் பக்கத்து ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர். வாய்விட்டு அழ இடம் எங்கே? வேதத்தில், பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைத்து ஜெபித்தாள். பார்த்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். அவள் ஜெபம் கேட்கப்பட அந்த முணுமுணுப்பு போதுமானதாக இருந்தது. வாரநாளில் திறந்திருக்கும் ஆலயத்தில், கூட்டம் இல்லாத வேளையில் பின் பெஞ்சில் உட்காருங்கள். ராயபுரம் புனித பேதுரு ஆலயமானாலும் பெரம்பூர் லூர்து மாதா திருத்தலமானாலும் நீங்கள் எந்தச் சபை என்று யாரும் கேட்கமாட்டார்கள். இருட்டிய பிறகு காசிமேட்டுக் கரையிலோ திருவொற்றியூர் கற்களின் மேலோ தனியாகப் போய் உட்கார மட்டும் வேண்டாம்.

"அவரைத் திருப்பிக் கொடும்" என்று கேட்கலாமா? கேட்பது பாவம் இல்லை. ஆனால் அங்கே இன்னொருவருடைய விருப்பமும் இருக்கிறது. தேவன் யாருடைய மனதையும் முறுக்கித் தருவதில்லை. மனம்விட்டு ஒருமுறை கேட்டுவிட்டு, அதை தேவன் கையில் விடுங்கள். செவ்வாய்க்கிழமைதோறும் அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், தவறில்லை. அவர் வந்தால் இன்னது செய்கிறேன் என்ற பொருத்தனை மட்டும் காத்திருப்பை நீட்டிவிடும். "ஆறு மாசத்துல அவன் திரும்பி வருவான்னு ஆண்டவர் சொல்றாரு" என்று யாராவது தீர்க்கதரிசனம் சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு வருஷத்தைக் கழிக்காதீர்கள். சபையில் எடுக்கிற வாக்குத்தத்த வசன அட்டையில் வந்ததையும் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் சேர்த்துவைத்து அர்த்தம் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். எண்ணை அழிக்க மனம் வராவிட்டால் அவர் ஸ்டேட்டஸை மியூட்டாவது செய்யுங்கள்.

இருவரும் ஒரே சபை, அவர் பாடகர் குழுவில் முன்னால் நிற்கிறார் என்றால் சில மாதம் வேறு நேரத்து ஆராதனைக்குப் போங்கள். அது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போவது ஆகாது. ஆயரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும். ஜெபக்குறிப்பாகக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். மறுநாளே தெரு முழுவதும் அது செய்தியாகிவிடும். நம்பகமான ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்.

மன்னிப்பு கடைசியில் வரட்டும். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட சீஷன் பேதுருவிடம் ஏழெழுபது தரம் என்று இயேசு சொன்னார். நினைவு வரும்போதெல்லாம், "இந்தக் கணக்கை உம்மிடம் விட்டேன்" என்று சொல்வதுதான் நடைமுறையில் மன்னிப்பு. ஒரே நாளில் முடியாது. சொந்தச் சகோதரராலேயே விற்கப்பட்ட யோசேப்பைப் பாருங்கள். சகோதரரைக் கண்டு ஒதுங்கிப் போய் அழுதான், ஆனாலும் அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்த பிறகே தன்னை வெளிப்படுத்தினான். அடித்தவரையும் ஏமாற்றியவரையும் மன்னித்த ஒரு பெண் அவரிடமே திரும்பிப் போக வேண்டும் என்று எந்தப் போதகரும் வற்புறுத்தக் கூடாது. பெண்கள் உதவிக்கு 181 இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் இருண்டு, எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். மருந்து வேலை செய்யவே சில வாரங்கள் பிடிக்கும்; நடுவில் நிறுத்தாதீர்கள். மாத்திரை விழுங்கியபடியே ஜெபிக்கலாம், அவிசுவாசம் ஆகாது. சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம்: மனநல உதவி எண் 14416 அல்லது மருத்துவ உதவி எண் 104க்கு எந்த நேரமும் பேசலாம். அந்த வீட்டார் அவரைத் தனியே விடக் கூடாது.

கூட இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகே கெடுத்தார்கள். நீங்கள் போகும்போது டிபன் பாக்ஸில் சாப்பாடு கொண்டு போங்கள். வசனம் சொல்வதானால் அவர் கேட்டால் மட்டும், ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கே போய் அழைத்துச் சென்று பக்கத்தில் உட்காருங்கள். ஆசீர்வாதம் முடிந்ததும், "என்னம்மா, கல்யாணம் என்னாச்சு?" என்று கேட்கிறவர்கள் சூழ்வதற்குள் வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.